போன் வாங்கும்போது எண்ணைப் பார்ப்பதா, பயனைப் பார்ப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது போன் வாங்க நினைக்கும் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் தொடங்கும்: "இதில் 12 ஜிபி ரேம், அதில் 8 தான். ரெண்டும் ஒரே விலை. எதை வாங்க?" நான் திருப்பிக் கேட்பது மூன்று விஷயம். போன் யாருக்கு? அதில் தினமும் என்ன வேலை நடக்கப் போகிறது? எத்தனை வருஷம் வைத்திருக்க ஆசை? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்களில் பாதியை மறந்துவிடலாம்.

அப்படியென்றால் ஸ்பெக் எனப்படும் இந்த விவர எண்கள் எல்லாம் பொய்யா?

பொய் இல்லை. ஒரு அளவு வரை ரொம்பவே தேவை. ரேம் என்பது ஆப்கள் ஓடும்போது பயன்படும் நினைவகம், ஸ்டோரேஜ் என்பது ஆப்களும் படங்களும் தங்கும் இடம். 2 ஜிபி ரேமும் 32 ஜிபி ஸ்டோரேஜும் உள்ள போனில் வாட்ஸ்அப், யூபிஐ ஆப், யூடியூப் மூன்றையும் மாற்றி மாற்றித் திறந்தாலே இன்று திணறும். கடையில் நின்று க்யூஆர் ஸ்கேன் செய்யக் காத்திருக்கும்போது அந்தத் திணறல் நன்றாகத் தெரியும்.

ஆனால் போதும் என்ற அளவைத் தாண்டிய பிறகு, எண் கூடினாலும் கையில் வித்தியாசம் தெரிவதில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு அந்த அளவை எட்ட விலை உயர்ந்த போன் தேவைப்பட்டது. இன்று நடுத்தர விலைப் போன்களே எட்டிவிடுகின்றன. அப்புறம் இரண்டு போன்களுக்கு இடையே நிஜமான வித்தியாசம் எங்கே இருக்கிறது? கேமராவின் மென்பொருளில், அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்பதில், வெயிலில் திரை தெரிகிறதா என்பதில், அம்மாவுக்குத் தமிழில் பேசித் தட்டச்சு செய்ய வருகிறதா என்பதில். இவற்றை அட்டையில் ஒரே எண்ணாக அச்சடிக்க முடியாது. அதனால்தான் விளம்பரத்திலும் இவை வருவதில்லை.

200 மெகாபிக்சல் கேமரா, 50 மெகாபிக்சலை விட நாலு மடங்கு நல்ல படம் எடுக்காதா?

எடுக்காது. மெகாபிக்சல் என்பது படத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு மட்டும்தான். படம் நன்றாக வருவதற்கு முதலில் வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தைப் பதிவு செய்யும் சென்சாரின் பரப்பு, லென்ஸின் தரம், அந்த வெளிச்சத்தை வைத்து மென்பொருள் என்ன செய்கிறது என்பவைதான் படத்தைத் தீர்மானிக்கின்றன. விரல்நகம் அளவுள்ள சென்சாரில் புள்ளிகளை நெருக்கி அடைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும். அதனால்தான் 200 மெகாபிக்சல் போன்கள்கூட வழக்கமாக 16 புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, 12 மெகாபிக்சல் படத்தையே உங்களுக்குத் தருகின்றன. கேலரியில் ஒரு படத்தின் விவரத்தைத் திறந்து பாருங்கள், தெரியும்.

இதில் பழைய கதை ஒன்று உண்டு. 2012-இல் நோக்கியா 808 ப்யூர்வியூ 41 மெகாபிக்சல் சென்சாரோடு வந்தது. எல்லோரும் அந்த 41-ஐப் பற்றியே பேசினார்கள். உருவாக்கிய பொறியாளர்கள் அதைப் பயன்படுத்திய விதமே வேறு. பல புள்ளிகளை ஒன்றாகக் கூட்டி, புள்ளிப்புள்ளியான பிசிறு இல்லாத, சுத்தமான 5 மெகாபிக்சல் படம் எடுப்பதுதான் அவர்களுடைய நோக்கம். அவ்வளவு நல்ல கேமரா இருந்தும் அந்தப் போன் ஓடவில்லை. அதில் ஓடிய சிம்பியன் இயங்குதளம் அப்போது கடைசி மூச்சில் இருந்தது. எடுத்த படத்தை ரசிக்கலாம், மற்ற வேலைகளுக்குத் தேவையான ஆப்கள் கிடையாது.

எதிர்ப்பக்கம் கூகுள் பிக்சல். 2016-இல் வந்த முதல் பிக்சலிலிருந்து 2020-இல் வந்த பிக்சல் 5 வரை பின்பக்க முதன்மைக் கேமரா 12 மெகாபிக்சலைச் சுற்றியேதான் இருந்தது. மற்ற நிறுவனங்கள் 48, 64, 108 என்று ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் படத்தரத்தில் பிக்சலுக்கு மரியாதை குறையவே இல்லை. ஒரே காட்சியைப் பல முறை வேகமாக எடுத்து, அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டான இடத்தையும் பளிச்சென்ற இடத்தையும் சமன் செய்யும் மென்பொருள்தான் காரணம். 2018 நவம்பரில் 'நைட் சைட்' என்ற இரவுப் படவசதி வந்தபோது, அது இரண்டு வருஷம் பழைய பிக்சல்களுக்கும் அப்டேட்டாகவே போய்ச் சேர்ந்தது. கேமரா வன்பொருள் அதே பழையதுதான். ராத்திரிப் படம் மட்டும் ஒரே நாளில் வேறாகிவிட்டது.

பின்னாடி நாலு கேமரா இருக்கிறதே?

அதில் எத்தனை உருப்படியானவை என்று பாருங்கள். விலை குறைந்த போன்களில் மிக அருகில் எடுக்க 2 மெகாபிக்சல் மேக்ரோ, தூரத்தைக் கணிக்க 2 மெகாபிக்சல் டெப்த் என்று இரண்டு வட்டங்கள் இருக்கும். பெரும்பாலும் எண்ணிக்கைக்காக வைத்தவை. அந்தக் காசை முதன்மைக் கேமராவில் ஓஐஎஸ் எனப்படும் கைநடுக்கம் தாங்கும் வசதிக்குச் செலவழித்த போன் இருந்தால் அதையே எடுங்கள். மாலை நேரத்தில் ஓடுகிற குழந்தையைப் படம் எடுத்தால் எந்தக் கேமராவின் நிஜ முகமும் தெரிந்துவிடும்.

வசதியைப் பார்த்து மக்கள் போன் வாங்கிய வரலாறு உண்டா? எல்லோரும் எண்ணைப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்?

நம் நாட்டிலேயே நிறைய உண்டு. 2003-இல் வந்த நோக்கியா 1100-ஐ நினைத்துப் பாருங்கள். வண்ணத்திரை இல்லை, கேமரா இல்லை. இருந்தது டார்ச் லைட்டும், தூசி புகாத கீபேடும், வழுக்காத பக்கங்களும். கரண்ட் அடிக்கடி போகிற ஊர்களில் அந்த டார்ச் எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது.

2008-இல் மைக்ரோமேக்ஸ் எக்ஸ்1ஐ என்ற போனை 30 நாள் ஸ்டாண்ட்பை பேட்டரியைச் சொல்லியே விற்றது. சார்ஜ் போட மின்சாரம் உறுதியில்லாத கிராமங்கள்தான் குறி. இன்னொரு வசதி இரண்டு சிம். ஒரு நெட்வொர்க் மலிவு, இன்னொன்றில்தான் சிக்னல் என்ற நிலையில் இரண்டு சிம் போடும் வசதியை ஜனங்கள் தேடித் தேடி வாங்கினார்கள். பெரிய கம்பெனியான நோக்கியா அந்தப் பக்கம் திரும்ப 2010 ஆகிவிட்டது. அதற்குள் சிறிய பிராண்டுகள் சந்தையைப் பிடித்துவிட்டன.

2017-இல் வந்த ஜியோபோனில் 512 எம்பி ரேம்தான். திரை 2.4 அங்குலம். திருப்பித் தரப்படும் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு 4ஜி அழைப்பும், குரலால் தேடும் வசதியும் கிடைத்தன. மறு வருஷம் செப்டம்பரில் வாட்ஸ்அப்பும் வந்து சேர்ந்தது. ஸ்பெக் பட்டியலை வைத்துப் பார்த்தால் அது பத்து வருஷம் பின்தங்கிய போன். கோடிக்கணக்கானவர்களுக்கு அதுதான் முதல் இணையம்.

என்னை மிகவும் கவர்ந்த உதாரணம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. சீனாவின் ஷென்ஜென் நகரத்துக் கம்பெனியான டிரான்ஷன், டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ் என்ற பெயர்களில் அங்கே போன் விற்று முதலிடத்துக்கு வந்தது. எப்படி? அங்கே ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பேசினால் கட்டணம் அதிகம் என்பதால் பலரும் பல சிம் வைத்திருந்தார்கள். நாலு சிம் போடும் போனையே இவர்கள் கொடுத்தார்கள். மின்வெட்டுக்கு ஏற்ற நீண்ட பேட்டரி வைத்தார்கள். எத்தியோப்பியாவுக்கு அம்ஹாரிக் கீபோர்டு செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மற்ற போன்களில் கறுத்த தோல் கொண்டவர்களின் முகம் மங்கிப்போவதைக் கவனித்து, கண்ணையும் பல்லையும் வைத்து முகத்தைக் கண்டுபிடித்து வெளிச்சத்தைச் சரிசெய்யும்படி கேமரா மென்பொருளை மாற்றினார்கள். தன் முகம் தன் முகமாகவே தெரிகிற படத்துக்கு எத்தனை மெகாபிக்சல் என்று யார் கேட்கப் போகிறார்கள்? நம் தோல் நிறத்தை வெளுப்பாக்கிக் காட்டும் பியூட்டி மோடை முதல் வேலையாக அணைத்து வைப்பவன் நான். அதனால் இந்த உதாரணம் எனக்கு ரொம்ப நெருக்கமானது.

ஸ்மார்ட்போன் தயாரிப்பாளர் யாராவது, எண் வேண்டாம், வசதி போதும் என்று துணிந்து இறங்கியிருக்கிறார்களா?

2013 ஆகஸ்டில் மோட்டோரோலா வெளியிட்ட மோட்டோ எக்ஸ். அப்போது அந்தக் கம்பெனி கூகுள் கையில் இருந்தது. போட்டியாளர்களான கேலக்ஸி எஸ்4, ஹெச்டிசி ஒன் இரண்டிலும் குறைந்தது நாலு கோரும் (சிப்புக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகள்) 1080பி திரையும் இருக்க, இதில் இரண்டு கோர், புள்ளிகள் குறைந்த 720பி திரை. காகிதத்தில் தோற்றுப்போன போன்.

ஆனால் அதில் குரலைக் கவனிக்க ஒன்று, அசைவைக் கவனிக்க ஒன்று என்று மின்சாரம் அதிகம் இழுக்காத இரண்டு சிறிய சிப்புகள் தனியாக இருந்தன. திரை அணைந்திருக்கும்போதே கூப்பிட்டால் பதில் சொல்லும். மணிக்கட்டை இரண்டு முறை திருப்பினால் கேமரா திறக்கும். பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தாலே நேரமும் அறிவிப்பும் மெல்லத் தெரியும். அமோலெட் திரையில் தேவையான புள்ளிகள் மட்டும் ஒளிரும் என்பதால் பேட்டரி கரையாது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விற்பனை பெரிதாக இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதன் யோசனைகள் தோற்கவில்லை. எப்போதும் மங்கலாக ஒளிரும் திரை 2016-இல் கேலக்ஸி எஸ்7-இலும், 2022-இல் ஐபோன் 14 ப்ரோவிலும் வந்தது. போனைப் பிடித்த கையைப் படக்படக்கென்று வெட்டுவது போல் அசைத்தால் டார்ச் எரியும் வசதியை மோட்டோ போன் வைத்திருப்பவர்கள் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ப்ராசஸரில் எத்தனை கோர் என்று பார்க்க வேண்டாமா?

வேண்டாம். 2016 வாக்கில் பத்து கோர் உள்ள மீடியாடெக் ஹீலியோ எக்ஸ்20 என்ற சிப் வந்தது. அதே காலத்து ஸ்னாப்டிராகன் 820-இல் நாலே கோர். 2015-இல் வந்த ஐபோன் 6எஸ்ஸில் இரண்டே கோர், 2 ஜிபி ரேம். வேகத்தில் முந்தியவை கோர் குறைந்தவைதான். ஒவ்வொரு கோரும் எவ்வளவு திறமையானது, சூடாகாமல் எவ்வளவு நேரம் ஓடும் என்பதே முக்கியம்.

அன்டுடு ஸ்கோர், கீக்பெஞ்ச் ஸ்கோர்?

இவை போனைச் சோதித்து வேகத்துக்கு மதிப்பெண் போடும் ஆப்கள், பெஞ்ச்மார்க் என்பார்கள். ஒரே சிப் உள்ள போன்களை ஒப்பிட ஓரளவு உதவும். அதற்கு மேல் நம்ப வேண்டாம். 2013-இல் கேலக்ஸி எஸ்4, சில பெஞ்ச்மார்க் ஆப்கள் ஓடும்போது மட்டும் கிராபிக்ஸ் சிப்பைக் கூடுதல் வேகத்தில் ஓட்டியது அம்பலமானது. 2021-இல் ஒன்பிளஸ் 9 ப்ரோவையும், 2022-இல் கேலக்ஸி எஸ்22 வரிசையையும் கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. அன்றாட ஆப்களின் வேகத்தைக் குறைத்துவிட்டு, பெஞ்ச்மார்க் ஆப்பை மட்டும் முழு வேகத்தில் ஓட விட்டிருந்தார்கள். நீங்கள் வாங்குவது தினமும் ஆப் திறப்பதற்கு, தேர்வு எழுதுவதற்கு இல்லையே.

ரேம் 8 ஜிபி, கூடவே 8 ஜிபி விர்ச்சுவல் ரேம் என்கிறார்கள். 16 ஜிபி ஆகிவிடுமா?

ஆகாது. ஸ்டோரேஜில் கொஞ்சம் இடத்தை ஒதுக்கி ரேம் போல நடிக்க வைப்பதுதான் அது. ஸ்டோரேஜ் ரேமை விடப் பல மடங்கு மெதுவானது. அதை விட, ஸ்டோரேஜ் எந்த வகை என்று கேளுங்கள். யுஎஃப்எஸ் என்றால் நல்லது. பழைய இஎம்எம்சி என்றால் ரேம் எவ்வளவு இருந்தாலும் கொஞ்ச மாதத்தில் போன் மந்தமாகத் தோன்றும்.

இன்னொன்று: ரேம் நிறைய இருந்தும், பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் உள்ள ஆப்களைக் கொன்றுவிடும் மென்பொருள்கள் உண்டு. மாத்திரை சாப்பிட நினைவூட்டும் அலாரம் அடிக்காமல் போவது அதனால்தான். அங்கே குறை ரேமில் இல்லை.

பேட்டரி 5,000 எம்ஏஎச் இருந்தால் ஒரு நாள் தாங்கும் என்பது சரிதானே?

தொட்டியின் கொள்ளளவு தெரிந்தால் போதாது, குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்றும் தெரிய வேண்டும். ஐபோன் 15 பிளஸ்ஸில் 4,383 எம்ஏஎச்தான், ஆனாலும் 5,000 உள்ள பல போன்களை விட அதிக நேரம் நிற்கும். திரை, சிப், நெட்வொர்க்கோடு இணைக்கும் மோடம், மென்பொருள் எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. சிக்னல் பலவீனமான இடத்தில் டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். 2025-இல் 7,000 எம்ஏஎச் போன்கள் நடுத்தர விலைக்கே வந்துவிட்டன. அங்கே எண்ணின் பெரிய பாய்ச்சல் நிஜமாகவே பயன்தான், மறுக்கவில்லை. ஆனால் 5,000-க்கும் 5,200-க்கும் நடுவே தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள்.

சார்ஜிங் வாட் எண்ணுக்கும் இதே கதை. 100 வாட், 120 வாட் வேகம் அந்தந்தக் கம்பெனியின் சொந்த அடாப்டரில்தான் பெரும்பாலும் கிடைக்கும். வேறு அடாப்டரில் செருகினால் சாதாரண வேகம்தான். நான் தேடுவது 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி. லித்தியம் பேட்டரிக்கு ஆகாத இரண்டு விஷயம், வெப்பமும் எப்போதும் முழுதாக நிரம்பி இருப்பதும். ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டு வைக்கும் வீடுகளில், அதுவும் சித்திரை வெயில் காயும் ஊரில், இந்த ஒரு அமைப்பு பேட்டரியின் ஆயுளை நன்றாகக் கூட்டும்.

எண்களையே வேறு மாதிரி கேட்க முடியாதா? வாங்குபவருக்குப் புரிகிற மாதிரி?

முடியும், ஐரோப்பிய ஒன்றியம் செய்து காட்டியிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் போன்களுக்கு ஒரு லேபிள் கட்டாயம். அதில் மெகாபிக்சல் கிடையாது, கோர் கிடையாது. ஒரு முழு சார்ஜில் எத்தனை மணி எத்தனை நிமிடம் ஓடும், எத்தனை முறை சார்ஜ் ஏற்றி இறக்கினால் பேட்டரி 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கும், கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுதுபார்க்க எவ்வளவு எளிது, தண்ணீரையும் தூசியையும் எவ்வளவு தடுக்கும் என்பவை போன்ற விவரங்கள்தான். கூடவே, 800 சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதத் திறன் இருக்க வேண்டும், விற்பனை நிறுத்திய பிறகும் குறைந்தது 5 வருஷம் மென்பொருள் அப்டேட் கிடைக்க வேண்டும் என்றும் விதி.

ஒரு போனைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கிட்டத்தட்ட முழுதாகச் சொல்லும் பட்டியல் இது. இந்திய சட்டம் இப்படிக் கேட்பதில்லை. ஆனால் அதே மாடல் ஐரோப்பாவிலும் விற்றால் அதன் லேபிளை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்க்கிறேன். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் பேட்டரி அளவு நாட்டுக்கு நாடு மாறுவதுண்டு, அதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

திரை 4கே, 144 ஹெர்ட்ஸ் எல்லாம் வேண்டுமா?

2015-இல் சோனி எக்ஸ்பீரியா இசட்5 பிரீமியம்தான் முதல் 4கே போன். 5.5 அங்குலத் திரையில் 4கே. ஆனால் பேட்டரிக்காகப் பெரும்பாலான வேலைகளை அந்தப் போனே 1080பியில்தான் காட்டியது. 2024-இல் எக்ஸ்பீரியா 1 வரிசையிலும் சோனி 4கேயைக் கைவிட்டது. கண்ணுக்குத் தெரியாததைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

நம் ஊருக்கு முக்கியம் மதிய வெயிலில் தெரிகிற பிரகாசம். அதிலும் விளம்பரத்தில் வரும் உச்ச நிட்ஸ் (பிரகாச அளவு) எண், திரையின் ஒரு சின்ன மூலையில் சில நொடி மட்டும் கிடைப்பது. கடைக்கு வெளியே எடுத்துப் போய்ப் பாருங்கள். டெலிவரி வேலை செய்பவர், வயலில் நின்று வீடியோ கால் பேசுபவர் எல்லோருக்கும் இந்தச் சோதனைதான் உதவும். ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. 60-லிருந்து 120 ஹெர்ட்ஸுக்கு மாறினால் வித்தியாசம் தெரியும். 144-க்குப் போனால் எனக்குத் தெரியவில்லை.

அப்டேட் அவ்வளவு முக்கியமா? புது வசதி வராவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

புது வசதியை விடுங்கள். பாதுகாப்பு அப்டேட்டைச் சொல்கிறேன். உங்கள் வங்கிக் கணக்கு அந்தப் போனில்தான் இருக்கிறது. 2016-இல் யூபிஐ வந்த பிறகு பணப்பை என்பதே போன்தான் என்று ஆகிவிட்டது. ஓட்டை அடைக்கப்படாத போனில் அதை வைத்திருப்பது ஆபத்து. அப்டேட் நின்ற பழைய இயங்குதளத்தில் வங்கி ஆப்கள் ஒவ்வொன்றாக வேலை செய்ய மறுக்கவும் தொடங்கும். அப்போது 12 ஜிபி ரேம் இருந்து என்ன செய்ய?

2013-இல் வந்த ஐபோன் 5எஸ்ஸில் ரேம் 1 ஜிபி. அதற்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. ஆண்ட்ராய்டு பக்கம், பிக்சல் 8-க்கு 2023 அக்டோபரிலும், கேலக்ஸி எஸ்24-க்கு 2024 ஜனவரியிலும் 7 வருஷம் என்று உறுதி கொடுத்தார்கள். விலை குறைந்த பிரிவில் கேலக்ஸி ஏ16 5ஜிக்கு 6 வருஷம். அதே விலையில் இரண்டு வருஷம் மட்டும் சொல்லும் போன்களும் உண்டு, பெரும்பாலும் அவற்றில்தான் ரேம் அதிகமாக இருக்கும். வாங்கும் விலையை அப்டேட் வரும் வருஷங்களால் வகுத்துப் பாருங்கள். எது மலிவு என்று அப்போது புரியும்.

தமிழில் பயன்படுத்துபவர் எதைப் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆண்ட்ராய்டின் தொடக்க காலத்தில் விலை உயர்ந்த போன்களில்கூடத் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓப்பரா மினியில் ஒரு மறைவான அமைப்பை மாற்றி, எழுத்துகளைப் படமாக வரவழைத்துப் படித்த தலைமுறை நாம். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம்தான் பலருக்கும் கைப்பேசியில் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தது. வன்பொருள் எவ்வளவு வேகமாக இருந்தாலும், எழுத்துரு இல்லையென்றால் நமக்கு அது ஊமைக் கருவிதான்.

2017-இல் கூகுளின் குரல் தட்டச்சு தமிழுக்கு வந்தது. எழுதப் பழகாத பெரியவர்கள் பேசியே செய்தி அனுப்பத் தொடங்கியது அதன் பிறகுதான். 2019-இல் வந்த லைவ் டிரான்ஸ்கிரைப், எதிரில் பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும். தமிழிலும் செய்யும். காது மந்தமான தாத்தாவின் எதிரில் போனை வைத்துவிட்டுப் பேசிப் பாருங்கள். பார்வை குறைந்தவர்களுக்கு டாக்பேக் திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துச் சொல்லும். வெளியூரில் தெரியாத மொழிப் பலகையைக் கேமராவில் காட்டினால் டிரான்ஸ்லேட் ஆப் தமிழில் தரும். இவற்றில் எதற்கும் 200 மெகாபிக்சல் தேவையில்லை. சாதாரண மைக்கும், சாதாரணக் கேமராவும், நல்ல இணைய இணைப்பும் போதும்.

5ஜி என்று போட்டிருந்தால் 5ஜி கிடைத்துவிடும்தானே?

இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1-இல். அதற்கு முன்பே 5ஜி போன் வாங்கியவர்கள் பலர் அன்று ஏமாந்தார்கள். போனில் மோடம் இருந்தது, மென்பொருள் திறக்கவில்லை. ஐபோன் வைத்திருந்தவர்கள் டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அடுத்தது பேண்ட், அதாவது சிக்னல் வரும் அலைவரிசை. தொலைவுக்கும் சுவர் தாண்டியும் செல்வது 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது என்28. ஜியோ 5ஜிக்கு அதைப் பயன்படுத்துகிறது. ஆரம்பத்தில் வந்த சில போன்களில் ஒன்றிரண்டு பேண்ட் மட்டுமே இருந்தது. வீட்டுக்குள் சிக்னல் வராத இடத்தில் இருப்பவர்கள் வைஃபை வழியே அழைக்கும் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், அது 5ஜியை விடப் பெரிய உதவி.

எஃப்எம் ரேடியோவையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் செல்போன் டவர்கள் நாள்கணக்கில் படுத்துவிட்டன. இணையம் இல்லாமல் செய்தி கேட்க வைப்பது ரேடியோ மட்டும்தான். கடலோர மாவட்டத்தில் இருப்பவர் என்றால் ரேடியோவும் இயர்போன் துளையும் உள்ள போனாக ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

ஆபத்து நேரத்தில் உதவும் வசதிகள் எல்லாம் விலை உயர்ந்த போனில்தானே இருக்கும்?

இல்லை. 2017 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் போன்களில் அவசர அழைப்புப் பொத்தான் வசதி இருக்க வேண்டும் என்று அரசு விதி கொண்டுவந்தது. சாதாரண போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிப்பது, ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை வேகமாக மூன்று முறை அழுத்துவது என்று வகுத்தார்கள். இன்றைய ஆண்ட்ராய்டுகள் பலவற்றில் ஐந்து முறை. உங்கள் போனில் எப்படி என்று அமைப்புகளில் இன்றே பார்த்து, வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் காட்டிக்கொடுங்கள்.

நிலநடுக்க எச்சரிக்கை இன்னொன்று. போனைச் சாய்த்தால் படம் திரும்பும் அல்லவா, அதற்காக வைத்த அதே அசைவு உணரியை வைத்து, ஒரு பகுதியில் பல போன்கள் ஒரே நேரத்தில் அதிர்வதைக் கூகுள் கண்டுகொள்கிறது. அதிர்வு வந்து சேர்வதற்குச் சில நொடி முன் மற்றவர்களை எச்சரிக்கிறது. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கும் வந்தது. மலிவான போனிலும் இருக்கும் ஒரு சின்ன உணரி, மென்பொருளால் உயிர்காக்கும் கருவியாகிறது.

கேம் ஆடுபவருக்கும் இதே அறிவுரைதானா?

இல்லை. பெரிய கேம்கள், நீளமான வீடியோ எடிட்டிங் என்றால் சிப்பும் கிராபிக்ஸும் நிஜமாகவே முக்கியம். அங்கேயும் உச்ச ஸ்கோரை விட அரைமணி நேரம் ஆடிய பிறகு வேகம் எவ்வளவு குறைகிறது என்பதைப் பாருங்கள்.

ஏஐ வசதிகள்?

தமிழில் வேலை செய்கிறதா, இணையம் இல்லாமலும் நடக்குமா, பிறகு கட்டணம் கேட்பார்களா என்று மூன்றையும் கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

அப்பா அம்மாவுக்கு வாங்கித் தர எது நல்லது?

ஸ்பீக்கர் சத்தம் தெளிவாக இருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் ஆப்கள் உடையாமல் இருக்க வேண்டும். லேசாக ஈரமான விரலையும் தேய்ந்த ரேகையையும் கைரேகை உணரி ஏற்க வேண்டும், வயதானவர்களுக்கும் பாத்திரம் கழுவும் கைகளுக்கும் இது தினசரித் தொல்லை. லாக் ஸ்கிரீனில் விளம்பரம் வரவே கூடாது. தெரியாமல் ஒன்றைத் தொட்டு, எதையோ இன்ஸ்டால் செய்து, பணத்தை இழந்தவர்கள் நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள். உங்களிடம் என்ன பிராண்டோ அதையே வாங்கிக் கொடுத்தால், சந்தேகம் வரும்போது போனிலேயே வழிசொல்ல எளிது.

கடையில் நின்று பத்து நிமிடத்தில் எப்படிச் சோதிப்பது?

உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு பேசுங்கள். எதிர்முனையில் இருப்பவரிடம் குரல் எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஒருவரைப் படம் எடுங்கள், முகம் தெரிகிறதா பாருங்கள். வெளியே வெயிலில் திரையைப் பாருங்கள். அமைப்புகளில் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியில் நிற்கிறது என்று பாருங்கள், நாலைந்து மாதம் பழையது என்றால் அந்தக் கம்பெனியின் குணம் தெரிந்துவிடும். குரல் தட்டச்சைத் திறந்து, நீங்கள் வீட்டில் பேசுகிற தமிழில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் எங்கே, பேட்டரி மாற்ற எவ்வளவு என்று விசாரியுங்கள்.

பணம் கட்டிய பிறகு *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணும் (போனின் தனி அடையாள எண்) பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபார்த்து, பில்லைப் படம் எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போன் தொலைந்தால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கச் சொல்ல அந்த எண்தான் தேவைப்படும்.